கடல் கடந்தவனின் வயது

ஷார்ஜாவில் ஒரு பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் எனக்கு வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகளின் சான்றிதழ்களைச் சரிபார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். பதினாலு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். அதற்கு முன்னால் நாலு வருஷம் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கக் குருமடத்தில் இருந்தேன். சாமியார் ஆவதற்குப் படித்தேன், ஆகாமல் வெளியே வந்துவிட்டேன். அங்கே கற்றுக்கொண்டதில் லத்தீனும் ஒன்று. இங்கே வந்த பிறகு அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது? ஆங்கிலமும் இந்தியும், வாசலில் நிற்கிற செக்யூரிட்டியிடம் பேசுகிற அளவுக்கு அரபியும் போதும் என்று இருந்தேன்.

எங்கள் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கும் டீச்சர் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பார்த்தால் வேலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிற அம்மா மாதிரி இருப்பார். வாயைத் திறந்தால் ஆங்கிலம் மட்டும்தான். அவர் குடும்பம் அங்கே போய் நாலு தலைமுறை ஆகிவிட்டது. தமிழில் அவருக்கு மிஞ்சியவை பத்துப் பன்னிரண்டு வார்த்தைகள். ரசம், தம்பி, ஐயோ என்கிற மாதிரி. நான் தமிழன் என்று தெரிந்த நாளிலிருந்து என்னைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். மற்றதெல்லாம் ஆங்கிலம், இங்கே நான்தான் தமிழில் சொல்கிறேன். நான் அவரை மேடம் என்பேன்.

ஒரு நாள் பள்ளி விட்ட பிறகு என் மேஜைக்கு வந்து போனை நீட்டினார். ஒரு பழைய பதிவேட்டின் படம். கோடு போட்ட பக்கம், சாய்ந்த எழுத்து.

"தம்பி, இது என் தாத்தாவோட தாத்தா. சென்னையில கப்பல் ஏறினப்ப எழுதினது. கரும்புத் தோட்டத்துக்கு அஞ்சு வருஷ ஒப்பந்தத்துல வந்தவர். இதுல ஊர் பேரு மட்டும் எனக்குப் புரியல. உனக்குப் படிக்க வருதா பாரேன்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆளின் பெயர், தகப்பன் பெயர், வயது பத்தொன்பது, மதம் கிறிஸ்தவம், வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா. அடையாளம் என்கிற கட்டத்தில் வலது முழங்காலில் தீத்தழும்பு என்று இருந்தது. நெருங்கிய உறவு என்கிற கட்டத்தில் ஒரு தம்பியின் பெயர். ஊர் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு ஆங்கில எழுத்து. எந்தத் தமிழ் ஊரும் அப்படி ஒலிக்காது.

ஊரைவிட அந்தத் தழும்புதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் நாள் முழுக்கப் பார்ப்பது பெயரும் எண்ணும்தான். இதில் ஒரு பையன் வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு துறைமுகத்தில் நிற்கிறான். ஒரு குமாஸ்தா குனிந்து அவன் காலைப் பார்க்கிறான்.

"அவரைப் பத்தி உங்க வீட்டுல என்ன சொல்வாங்க மேடம்?" என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணுதான். அவருக்கு யாருமே இல்லை. பஞ்சத்துல எல்லாரும் செத்துட்டாங்க, ஒரே ஆளா வந்தேன்னு பிள்ளைங்ககிட்டச் சொல்லியிருக்கார். அதுக்கு மேல வாயைத் திறந்ததே இல்லையாம்."

எனக்குத் தெரிந்த ஒரே வழி, குருமடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்த நண்பன். அவன் படிப்பை முடித்துச் சாமியாராகி, போளூர்ப் பக்கத்தில்தான் ஏதோ பங்குக் கோயிலில் இருப்பதாகக் கேள்வி. நான் வெளியே வந்த வெட்கத்தில் அவனோடு பேச்சை விட்டு பதினாலு வருஷம் ஆகியிருந்தது. நம்பர் மட்டும் வைத்திருந்தேன். போட்டேன்.

"யாரு?"

பெயரைச் சொன்னேன்.

"டேய், இப்பதான் வழி தெரிஞ்சுதா உனக்கு?"

"சாமி, ஒரு உதவி வேணும்..."

"சாமியாமே. என் சோப்புல துணி துவைச்சவன் நீ. மரியாதையா பேரைச் சொல்லிக் கூப்பிடு. என்ன விஷயம்?"

சொன்னேன். கிறிஸ்தவம் என்று எழுதியிருக்கிறதா என்று மறுபடியும் கேட்டு உறுதி செய்துகொண்டான். "அப்ப கஷ்டமில்லை. அந்தக் காலத்துல அந்தத் தாலுகாவுல கோயில் இருந்த ஊரை விரல்விட்டு எண்ணிடலாம். அந்த எட்டு எழுத்தையும் ஒண்ணொண்ணா சொல்லு."

நான் சொல்லச் சொல்ல அவன் அதை நாலு விதமாக உச்சரித்துப் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். "டேய், இது எனக்குப் பக்கத்துப் பங்குடா. சைக்கிள்ல போயிடலாம். பழைய புத்தகமெல்லாம் இரும்பு பீரோவுல இருக்கு. பிரெஞ்சுக்காரச் சாமியார்ங்க எழுதினது, முழுக்க லத்தீன். நான் போட்டோ எடுத்து அனுப்புறேன், வாசிக்கிறது உன் பாடு. எனக்கு அதெல்லாம் எப்பவோ மறந்து போச்சு."

"எனக்கும்தான்."

"பரீட்சையில உன் பேப்பரைப் பார்த்துதானடா நான் பாஸானேன்."

அடுத்த வாரம் படங்கள் வந்து இறங்கின. அறுபதுக்கு மேல் இருக்கும். ரோலாவில் இருக்கிற எங்கள் சின்ன ஃபிளாட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் டீச்சரை வரச் சொன்னேன். என் மனைவி ஒரு கிளினிக்கின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், அன்று அவளுக்கும் லீவு. லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

முதலில் ஞானஸ்நானப் பதிவேடு. அங்கேயே சிக்கல் வந்தது. அந்தப் பையனின் பெயர் ஒரு பெரிய புனிதரின் பெயர். ஊரில் பாதி ஆண்களுக்கு அதே பெயர் வைத்திருக்கிறார்கள். நாலைந்து வருஷத்துக்குள் மூன்று பேர், அதில் இரண்டு பேருக்குத் தகப்பன் பெயரும் ஒன்று. டீச்சரின் முகம் வாடிவிட்டது. என் மனைவிதான் சொன்னாள், "கப்பல் பேப்பர்ல தம்பி பேரு இருக்குல்ல? எந்த வீட்டுல அந்தப் பேருல ஒரு தம்பி பிறந்திருக்கான்னு பாருங்க."

ஐந்து வருஷம் தள்ளித் தேடினோம். ஒரு வீட்டில்தான் அந்தத் தம்பி இருந்தான். அதே தகப்பன், அதே தாய். கூடவே இரண்டு பெண் பிள்ளைகள். டீச்சர் திரையில் விரலை வைத்து அந்தத் தாயின் பெயரின் மேல் மெதுவாக ஓட்டினார். நாலு தலைமுறையாக அவர்கள் வீட்டில் யாருக்கும் தெரியாத பெயர் அது.

அடுத்து அடக்கப் பதிவேடு, அதாவது செத்தவர்களைப் புதைத்த கணக்கு. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நான் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். ஆனால் அதைக் கண்ணால் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. பஞ்சத்துக்கு முன்னால் ஒரு வருஷத்துச் சாவெல்லாம் இரண்டு பக்கத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் முழு வாக்கியம் எழுதியிருக்கிறார் அந்தச் சாமியார். இன்னார் மகன் இன்னார், திருவருட்சாதனங்கள் பெற்று இறந்தார், என்னால் நல்லடக்கம் செய்யப்பட்டார், கீழே கையெழுத்து. பஞ்சம் தொடங்கியதும் வாக்கியம் குட்டையாகிறது. ஒரு பக்கத்தில் ஒரே நாளில் ஏழு பேர். பிறகு வாக்கியமே இல்லை, பெயரும் 'ஃபாமே' என்கிற ஒற்றைச் சொல்லும்தான். பசியால் என்று அர்த்தம். அதற்கும் பிறகு பெயரும் இல்லாதவர்கள் வருகிறார்கள். வழிப்போக்கன், பசியால். பெயர் தெரியாத குழந்தை, பசியால். மை வெளிறிக்கொண்டே போகிறது. படத்தில் வெளிச்சம் போதவில்லை என்று முதலில் நினைத்தேன். நண்பனிடம் கேட்டதற்கு, இல்லை, மையில் தண்ணீர் கலந்திருக்கிறார்கள், பக்கத்தை நேரில் பார்த்தாலே தெரிகிறது என்றான்.

நான் வாசித்துச் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு பக்கத்தின் நடுவில் கையெழுத்து மாறியது. உருண்டையான எழுத்து நின்று, கூரான எழுத்து ஒன்று தொடங்கியது. புதியவர் எழுதிய முதல் வரியே, அதுவரை எழுதிக்கொண்டிருந்த சாமியாரின் சாவுதான். அதற்கு அடுத்த வரியில் மறுபடியும் ஊர்க்காரர்கள்.

என் மனைவி எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். யாருக்கும் சாப்பிடத் தோன்றவில்லை. குருமடத்தில் நாலு வருஷம் ஜெபித்திருக்கிறேன். அந்தப் பக்கங்களுக்கு முன்னால் இருந்தது மாதிரி வாயடைத்து இருந்ததில்லை.

அந்தக் கூரான எழுத்தில்தான் பையனின் தகப்பன் இருந்தார். அவருக்குப் பின் பத்தொன்பது நாளுக்குள் இரண்டு சகோதரிகளும் இருந்தார்கள். தாயும் தம்பியும் அந்தப் பதிவேட்டில் இல்லை.

"அப்படின்னா அம்மா சாகலையா?" என்று டீச்சர் கேட்டார்.

"பஞ்சத்துல சாகலை மேடம்."

"எல்லாரும் செத்துட்டாங்கன்னு சொன்னாரே."

மீதியிருந்த படங்களைத் திறந்தேன். அவை வேறு வகையான புத்தகம். அந்தக் காலத்தில் பங்குச் சாமியார் சில வருஷங்களுக்கு ஒரு முறை வீடு வீடாகப் போய்க் குடிக்கணக்கு எடுப்பார். ஒரு வீட்டுக்கு ஒரு கட்டம். வீட்டுக்காரர், மனைவி, பிள்ளைகள், ஒவ்வொருவரின் வயது, நற்கருணை வாங்கினாரா இல்லையா என்று எழுதுவார். அந்த ஊரில் அப்படி ஐந்து கணக்கு அழியாமல் இருந்தன. நண்பன் ஐந்திலும் அந்தப் பையனின் பெயர் இருந்த வீடுகளையெல்லாம் படமெடுத்து அனுப்பியிருந்தான், அதில் எங்கள் வீடு எது என்று இப்போது தெரிந்தது.

முதல் கணக்கு பஞ்சத்துக்கு முன்னால் எடுத்தது. வீட்டில் ஆறு பேர். மூத்தவனுக்கு வயது பதினைந்து.

இரண்டாவது கணக்கு பஞ்சத்துக்குப் பின்னால். தகப்பன் பெயருக்கும் இரண்டு பெண்களின் பெயருக்கும் பக்கத்தில் சின்னச் சிலுவை. தாய், தம்பி. மூத்தவன் பெயருக்கு எதிரில் 'த்ரான்ஸ் மாரே', கடலுக்கு அப்பால். வயது இருபத்திரண்டு.

மூன்றாவது கணக்கைத் திறக்கும்போது அவன் பெயர் இருக்காது என்றுதான் நினைத்தேன். போனவனை எதற்கு எழுத வேண்டும்? ஆனால் இருந்தது. தாய், தம்பி, தம்பியின் மனைவி, அதற்குக் கீழே அவன். 'ஆப்சென்ஸ்', இங்கே இல்லை. வயது முப்பத்தொன்று.

நாலாவதில் சாமியார் மாறிவிட்டார், கையெழுத்தும் மாறிவிட்டது. தாய்க்கு வயதாகிவிட்டது. தம்பிக்கு மூன்று பிள்ளைகள். கடைசி வரியில் மறுபடியும் அவன், இங்கே இல்லை, வயது நாற்பத்திரண்டு.

ஐந்தாவதில் தாய் பெயருக்குப் பக்கத்தில் சிலுவை வந்துவிட்டது. இனிமேலாவது நிறுத்தியிருப்பார்கள் என்று பார்த்தால், தம்பியின் பிள்ளைகள் எல்லோருக்கும் கீழே அந்தப் பெயர் இருந்தது. வயது ஐம்பத்தொன்று. பக்கத்தில் நான்கு லத்தீன் சொல். எனக்கே நம்பிக்கை வராமல் இரண்டு தடவை வாசித்தேன். உயிரோடு இருக்கிறாரா என்று தெரியவில்லை.

டீச்சர் தன் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். டர்பன் இருக்கிற நேட்டாலில் தாத்தாவின் தாத்தா இறந்ததற்கான பதிவு அது. "தம்பி, அவர் சாகும்போது நாற்பத்து மூணு."

கணக்கு டீச்சருக்குக் கணக்குச் சொல்லத் தேவையில்லை. செத்து எட்டு வருஷம் ஆனவருக்கு இங்கே வயது ஏறிக்கொண்டிருந்தது.

அன்று பகலே நண்பனைக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். அவன், "சாமியாருக்குத் தானாத் தோணி எழுதினதில்லைடா அது. குடிக்கணக்கு எப்படி எடுப்போம்? வாசல்ல நின்னு, வீட்டுல யார் யாரு இருக்கீங்கன்னு கேப்போம். அவங்க சொல்ற பேரைத்தான் எழுதுவோம். ஒவ்வொரு தடவையும் அந்தம்மா பேரைச் சொல்லியிருக்கா. வயசும் அவதான் கூட்டிச் சொல்லியிருப்பா. அவ போன பிறகு தம்பி சொல்லியிருக்கான்" என்றான்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த டீச்சருக்கு நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, "அவருக்கு இது தெரியாதே" என்றார். "தெரியாமலே செத்துட்டாரே."

போனை வைப்பதற்கு முன்னால் நண்பன் இன்னொன்று சொன்னான். "அந்தத் தம்பியோட வம்சம் இன்னும் இருக்கலாம்டா. திருமணப் பதிவேட்டைப் பிடிச்சு இறங்கினா கண்டுபிடிச்சிடலாம். மூணு நாள் குடு."

மூன்றாம் நாள் போன் வந்தது. அவன் குரலில் உற்சாகம் தாங்கவில்லை. "அதே தெருவுல அதே வீட்டு மனையில இருக்காங்கடா. கட்டடம்தான் வேற. ஒரு அம்மா, மருமக, ரெண்டு பேத்திங்க. மகன் எங்க இருக்கான் தெரியுமா? உன் பக்கத்துலதான். சோனாப்பூர் கேம்ப்ல. சாரம் கட்டுற வேலை. நம்பர் வாங்கிட்டேன்."

யோசித்துப் பார்த்தால் இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார்கள். ஆனாலும் நான் தூரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சோனாப்பூர் துபாயில் கம்பெனி வேலையாட்கள் தங்குகிற இடம், எங்கள் பள்ளியிலிருந்து காரில் இருபது நிமிஷம். டீச்சர் ஆறு வருஷமாக இங்கே இருக்கிறார். தினமும் பள்ளிக்கு வரும்போது கம்பெனி பஸ்களைப் பார்த்திருப்பார். அதில் ஒன்றின் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு அந்தப் பையன் போயிருக்கலாம்.

மத்தியான இடைவேளை நேரம் பார்த்து அவனுக்குப் போன் செய்தேன்.

"சார் வணக்கம், யார் பேசுறது?"

"தம்பி, நான் ஷார்ஜாவிலிருந்து பேசுறேன். உங்க குடும்பத்தைச் சேர்ந்த ஒருத்தங்க உங்களைப் பார்க்கணும்னு சொல்றாங்க. ரொம்பக் காலத்துக்கு முன்னாடி உங்க கொள்ளுத்தாத்தாவுக்கும் மேல ஒருத்தர்..."

"சார், ஓடிபி எல்லாம் சொல்ல மாட்டேன் சார்."

"ஓடிபி வேணாம் தம்பி."

"எமிரேட்ஸ் ஐடி நம்பரும் சொல்ல மாட்டேன். எங்க ரூம்ல ஒருத்தன் இப்படித்தான் ஏமாந்தான்." வைத்துவிட்டான்.

நண்பனிடம் சொன்னேன். அவன் அந்த வீட்டுக்கே போய், தாயின் போனிலிருந்து மகனைக் கூப்பிட்டுப் பேசினான். சாயங்காலம் எனக்கு அழைப்பு வந்தது. "மன்னிச்சிடுங்க சார். சாமியாரே சொன்னாரு. ஞாயித்துக்கிழமை எனக்கு ஆஃப். வாங்க சார்."

ஞாயிறு பதினோரு மணிக்கு டீச்சரின் காரில் போனோம். கேம்ப்புக்குள் வெளியாட்களை விடமாட்டார்கள் என்பதால் வெளியே ஒரு மலையாளியின் கேஃப்டீரியாவில் சந்திப்பதாகப் பேச்சு. அவன் எங்களுக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தான். முப்பத்து நாலு வயது. இஸ்திரி போட்ட சட்டை, தண்ணீர் தொட்டு வாரிய தலை. துணைக்கு ரூம்மேட் ஒருவனையும் கூட்டி வந்திருந்தான். இன்னும் கொஞ்சம் சந்தேகம் பாக்கி இருந்தது போல.

டீச்சர் காரிலிருந்து இறங்கினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சினிமாவில் வருகிற மாதிரி முகச்சாயல் எதுவும் இல்லை. அவன் ஒல்லியாக உயரமாக இருந்தான், இவர் குள்ளம். இவர் கையை நீட்டினார், அவன் கும்பிட்டான். பிறகு அவன் கையை நீட்டினான், இவர் கும்பிட்டார். ரூம்மேட் சிரித்துவிட்டான். அதில் எல்லோருக்கும் இறுக்கம் விட்டது.

கரக் டீ வந்தது. நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். அவனுக்குத் தலைமுறைக் கணக்கு பிடிபடவில்லை. மேஜையில் இருந்த சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்து இரண்டு வரிசையாக அடுக்கினேன். "இவர் அண்ணன், கடல் கடந்து போனவர். இவர் தம்பி, உங்க ஆளு. அண்ணனுக்கு மகன், பேரன், அடுத்தது மேடத்தோட அப்பா, அடுத்தது மேடம்." அந்த வரிசையில் ஐந்து பொட்டலம். தம்பி வரிசையில் அடுக்கிக்கொண்டே வந்தபோது ஐந்தாவதாக அவனுடைய அப்பா வந்தார், ஆறாவதாக அவன்.

அவன் குனிந்து இரண்டு வரிசையையும் பார்த்தான். ஐந்தாவது பொட்டலத்தையும் எதிரே இருந்த ஐந்தாவது பொட்டலத்தையும் இரண்டு விரலால் தொட்டான்.

"அப்படின்னா எங்க அப்பாவும் இவங்களும் அண்ணன் தங்கச்சி முறை."

"ஆமா."

"அப்ப எனக்கு அத்தை."

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். டீச்சர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "அத்தே," என்றார். "என் அப்பாவோட தங்கச்சியை நாங்க அத்தேன்னுதான் கூப்பிடுவோம். எனக்கு அந்த வார்த்தை தெரியும்." அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. அவன் என்ன செய்வதென்று தெரியாமல் டிஷ்யூ டப்பாவைத் தள்ளி வைத்தான்.

ஒரு தாய் பிள்ளையின் பெயரை வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள். அதை ஒரு வெளிநாட்டுச் சாமியார் வேறொரு மொழியில் எழுதியிருக்கிறார். கரையானுக்குத் தப்பி அது ஒரு இரும்பு பீரோவில் கிடந்திருக்கிறது. இப்போது அந்த இரண்டு பிள்ளைகளின் வாரிசுகளும் ஒரு பாலைவன ஊரின் டீக்கடையில் முறை கண்டுபிடித்துக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். நான் செய்ததெல்லாம் வாசித்துக் காட்டியதுதான்.

உங்கள் வீட்டில் அவரைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டிருக்கிறாயா என்று டீச்சர் ஆவலோடு கேட்டார்.

"இல்லைங்க அத்தை. அப்படி ஒருத்தர் இருந்ததே எங்க யாருக்கும் தெரியாது. சாமியார் சொல்லித்தான் அம்மாவுக்கே தெரியும்."

பிறகு அவன் கேட்க ஆரம்பித்தான். வேலைக்காரனின் கேள்விகள் அவை. அங்கே என்ன வேலை? எத்தனை மணி நேர டூட்டி? ரூமில் எத்தனை பேர்? சாப்பாடு அவர்களே கொடுப்பார்களா? ஐந்து வருஷ அக்ரிமென்ட் என்றால் நடுவில் லீவு உண்டா? வீட்டுக்குப் பேச வழி இருந்ததா? தெரிந்த மட்டும் டீச்சர் பதில் சொன்னார். லீவு இல்லை. கடிதம் எழுத அவருக்கு எழுதத் தெரியாது. ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பி வரலாம் என்று இருந்தது. அதற்குள் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் பிறந்துவிட்டது.

கடைசியாக டீச்சர் தன் மனதில் கிடந்ததைக் கேட்டார். என்னிடம் கேட்ட அதே கேள்விதான், ஆனால் அவனைப் பார்த்துக் கேட்டார். "அம்மாவும் தம்பியும் உயிரோட இருந்தாங்க. பேப்பர்ல தம்பி பேரைக்கூடக் குடுத்திருக்கார். அப்புறம் ஏன் தன் பிள்ளைங்ககிட்ட யாருமே இல்லைன்னு சொன்னார்?"

அவன் டீ டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "எங்க ரூம்ல புதுசா வர்றவன் கேப்பான் அத்தை, வீட்டுல யாரெல்லாம் இருக்காங்கன்னு. முதல் வருஷம் எல்லாத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்ல ராத்திரி தூக்கம் வராது, காலையில சாரத்து மேல நிக்கும்போது கால் நடுங்கும். இப்ப யாராச்சும் கேட்டா ஒண்ணும் இல்ல பாய், விடுன்னுடுவேன். எனக்காவது தினமும் வீடியோ கால் இருக்கு. அவருக்கு ஒண்ணுமே இல்லையே. இல்லைன்னு சொல்லிக்கிட்டாத்தான் கரும்பு வெட்டியிருக்க முடியும்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். டீச்சர் வெகுநேரம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரிய கை, உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் என் உதவி இல்லாமலே சந்தித்துக்கொண்டார்கள். மொழிக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். போனில் மொழிபெயர்க்கிற ஆப் இருக்கிறது, அது பாதி நேரம் உளறுகிறது, உளறினால் இரண்டு பேரும் சிரித்துக்கொள்கிறோம் என்றார் டீச்சர். ஒரு தடவை அவர் டர்பன் மாதிரி காரமாக ஆட்டுக்கறி சமைத்து எடுத்துப் போக, கேம்ப்பில் அந்த ரூமே கூடிச் சாப்பிட்டதாம்.

டிசம்பர் விடுமுறையும் அவனுடைய லீவும் ஒன்றாக வந்தன. டீச்சர் அவனோடு அவன் ஊருக்குப் போனார். எங்களைப் போன்ற அலுவலக ஆட்களுக்கு அந்த விடுமுறை கிடையாது. காலியான பள்ளிக்கூடத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தபோது நண்பன் வீடியோவில் கூப்பிட்டான். அந்த வீட்டின் முன்னறை தெரிந்தது. சோனாப்பூர் பையனுடைய அம்மா, மனைவி, இரண்டு மகள்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் வியர்த்து விறுவிறுத்து டீச்சர்.

"டேய், குடும்பப் பதிவேட்டைப் புதுசா எழுதிக்கிட்டிருக்கோம். பக்கத்துப் பங்குச் சாமியாரே என்னை எழுதச் சொல்லிட்டார்" என்றான் நண்பன். "அந்த அண்ணன் வழியில டர்பன்ல இப்ப எத்தனை பேருன்னு டீச்சர் லிஸ்ட் கொண்டு வந்திருக்காங்க. மூணு பக்கம். நாலஞ்சு பேரை எழுதினா போதும்னு நினைச்சேன். இந்தம்மா விடமாட்டேங்குது."

போனைத் திருப்பினான். அந்த அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. டீச்சரின் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை பேருமா நம்ம வீட்டு ஆளுங்க?"

"ஆமாம்மா."

"எல்லாரையும் எழுதுங்க சாமி. வயசோட எழுதுங்க."

நண்பன் பேனாவைத் திறந்தான். டீச்சர் முதல் பெயரை வாசித்தார். முழு ஆங்கிலப் பெயர். அந்த அம்மா அதைத் தன் வாய்க்கு வந்த மாதிரி திருப்பிச் சொன்னார், பக்கத்தில் இருந்த பெண்களும் சொன்னார்கள். பிறகு இரண்டாவது பெயர். மூன்றாவது. நான் வேலையை நிறுத்திவிட்டு, மத்தியானம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.